அந்த ‘ஆல்’ எங்கே உதிர்ந்தது?

கேள்வி: ஐயா, நாங்கள் பாசிர் ரிஸ்ஸில் வசிக்கிறோம். என் அப்பாவுக்கு 68 வயது. கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் படிப்பார். ஆனால் அறிவியலாளர்கள் விடும் எச்சரிக்கை எதையும் நம்ப மாட்டார். “இமயமலைப் பனி 2035-ல் காணாமல் போகும் என்றார்கள், பொய்யாகிவிட்டது. புகைமூட்டத்தால் இங்கே 2,200 பேர் செத்தார்கள் என்றார்கள், நம் சுகாதார அமைச்சே மறுத்தது. கொவிட்டில் அமெரிக்காவில் 2.2 மில்லியன் பேர் சாவார்கள் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. இப்போது கடல் வருகிறது என்று 100 பில்லியன் வெள்ளி கணக்கு சொல்கிறார்கள்” என்று அடுக்குவார். அதே கோபத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசியையும் போட்டுக்கொள்ள மறுக்கிறார். கொசுவை ஒழிக்கக் கொசுவையே விடுகிறார்களே என்று அதற்கும் ஏச்சு. இன்னொரு பக்கம் என் 10 வயது மகன். கடல் மட்டம் பற்றி ஏதோ காணொளி பார்த்ததிலிருந்து ராத்திரியில் எழுப்பி, “நம் புளோக் முங்கிவிடுமா அம்மா?” என்று கேட்கிறான். அப்பாவுக்குச் சொல்லவும் என்னிடம் பதில் இல்லை, மகனுக்குச் சொல்லவும் இல்லை. யார் பக்கம் நான் நிற்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. நோய்க் கணக்கும் இறப்புக் கணக்கும் பார்ப்பதுதான் என் தொழில். சார்ஸ் வந்த 2003-க்கு முன்பிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பெரிய எண் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் உங்கள் அப்பாவை எதிராளியாக நான் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய சந்தேகம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பி நிற்கிறது. அவரிடம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

இமயமலையிலிருந்து தொடங்குகிறேன். அதில் அவர் சொல்வது முழுக்க உண்மை.

காலநிலை மாற்றம் பற்றி ஆராயும் ஐநா குழு, செய்திகளில் ஐபிசிசி என்று வருமே, அது 2007-ல் வெளியிட்ட அறிக்கையின் இரண்டாம் பாகத்தில் ஒரு வரி இருந்தது. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்றது அந்த வரி. அதை எங்கிருந்து எடுத்தார்கள்? அளந்து பார்த்த ஆய்வு எதிலிருந்தும் அல்ல. ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005 அறிக்கையிலிருந்து எடுத்தார்கள். அந்த அமைப்பு, 1999-ல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தியிலிருந்து எடுத்திருந்தது. அந்தச் செய்தி, இந்தியப் பனியாற்று ஆய்வாளர் ஒருவர் வாய்வழி சொன்னதை வைத்து எழுதப்பட்டது. இதில் இன்னொன்றும் உண்டு. உலகப் பனியாறுகளின் பரப்பு எப்படிச் சுருங்கும் என்று 1996-ல் ஒரு ரஷ்ய அறிஞர் எழுதியிருந்தார். 2007 அறிக்கையின் அதே பத்தியில் உள்ள பரப்பளவு எண்கள் அவருடைய எண்களேதான். ஆனால் அவர் போட்டிருந்த ஆண்டு 2350. எங்கே 2350, எங்கே 2035!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். இமயத்தின் பெரிய பனியாறுகள் நூறு மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டவை. அவை இளைப்பது ஆண்டுக்கு அரை மீட்டர், போனால் ஒரு மீட்டர். 2007-லிருந்து 2035 வரை 28 ஆண்டு. 28 மீட்டர் இளைத்தால் நூறு மீட்டர் எப்படிக் காணாமல் போகும்? காப்பிக்கடையில் உட்கார்ந்து டிஷ்யூ தாளில் போடக்கூடிய கணக்கு இது. உங்கள் அப்பா அந்த அறையில் இருந்திருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது என்று நிச்சயமாக நினைக்கிறேன்.

2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வி.கே. ரெய்னா, இமயப் பனியாறுகள் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை வெளியிட்டார். ஐபிசிசி தலைவராக இருந்த பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று ஏசினார். இரண்டே மாதம். 2010 ஜனவரியில் ஐபிசிசி அந்த வரிக்காக வருத்தம் தெரிவித்தது. தலைவர் ஏசினாரே, அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் பட்டம் சூட்டிவிட்டால் அப்புறம் எவன் நம்புவான்? உங்கள் அப்பாவின் கோபம் இந்த மாதிரி இடங்களில்தான் பிறந்திருக்கும்.

ஆனால் அந்தத் தவறின் வேரைத் தோண்டி எடுத்தது யார் என்று அவரிடம் சொல்லுங்கள். கனடாவைச் சேர்ந்த கிரஹாம் கோக்லி முதலான பனியாற்று அறிவியலாளர்கள். இமயப் பனி உருகுகிறது என்று சொல்பவர்களும் அவர்களேதான். 2035 என்ற ஆண்டு பொய். உருகுவது பொய்யல்ல. காட்மாண்டுவில் இருக்கும் மலைப்பகுதி வளர்ச்சி ஆய்வு மையம் 2019-ல் விரிவான மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. வெப்பநிலை உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தினாலும் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது அதன் கணிப்பு. 2035 அளவுக்கு அதிர்ச்சி இல்லாத எண். அதனால் யாரும் அதை யாருக்கும் அனுப்புவதில்லை.

இனி நான் சொல்லப்போவது அவருக்குப் புதிதாக இருக்கலாம். அதே 2007 அறிக்கையில் கடல் மட்டத்துக்கும் ஒரு கணிப்பு இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் 18 முதல் 59 சென்டிமீட்டர் வரை உயரும் என்று. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் உள்ள பனிப்பாளங்கள் வேகமாகச் சரிந்து கடலில் சேரக்கூடும், அதைக் கணக்கிடும் வழி அப்போது சரியாகத் தெரியவில்லை, ஆகவே அதைச் சேர்க்கவில்லை என்று கீழே எழுதியும் இருந்தார்கள். செய்தியில் 59 வந்தது, குறிப்பு வரவில்லை. 2013 அறிக்கையில் அந்த மேல் எல்லை 98 சென்டிமீட்டர் ஆனது. 2021-ல் ஒரு மீட்டரைத் தொட்டது. ஒரே அறிக்கையில் ஒரு வரி அளவுக்கு மீறி பயமுறுத்தியது, இன்னொரு வரி அளவுக்கு மீறி ஆறுதல் சொன்னது. முதலாவது உங்கள் அப்பாவுக்கு மனப்பாடம். இரண்டாவது அவர் காதுக்கே வந்திருக்காது. பயமுறுத்தும் எண்ணை உரசிப் பார்ப்பவர், நிம்மதி தரும் எண்ணையும் அதே கல்லில் உரச வேண்டாமா?

சரி, புகைமூட்டம். இந்தோனீசியாவில் காடுகள் எரியும்போது காற்றில் நம் பக்கம் வரும் புகை. இது நம் வீட்டு விஷயம். எனக்கும் கொஞ்சம் நெருக்கமான விஷயம்.

2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2015-ல் அது வாரக்கணக்கில் இழுத்தது. செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். தோ பாயோவில் என் அம்மா சன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துண்டைச் சொருகி வைத்திருந்தார். சாயங்காலம் அந்தத் துண்டை அலசினால் வாளித் தண்ணீர் பழுப்பாக இறங்கும். அதை எனக்குக் காட்டுவதற்கென்றே கொட்டாமல் வைத்திருப்பார்.

மறு ஆண்டு செப்டம்பரில் ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். 2015 புகையால் இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் சேர்த்து 100,300 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்திருக்கலாம், அதில் சிங்கப்பூரில் 2,200 பேர் என்று. நம் சுகாதார அமைச்சு இதை ஏற்கவில்லை. இங்குள்ள உண்மை நிலவரத்தை அது காட்டவில்லை, நாட்டின் இறப்பு விகிதம் மாறவில்லை என்றது.

அன்று இரவு நானும் கணக்குப் போட்டேன். அப்போது சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். நாளொன்றுக்கு 55 பேர். 2,200 கூடுதல் இறப்பை ஓர் ஆண்டு முழுக்கப் பரப்பினாலும் நாளொன்றுக்கு 6 பேர் கூட வேண்டும். 55 என்பது 61 ஆகி, மாதக்கணக்கில் அப்படியே நிற்க வேண்டும். என் போன்றவர்கள் தினமும் பார்க்கும் வரைகோட்டில் அது ஒரு மேடாகத் தெரிந்தே தீரும். தெரியவில்லை. ஆய்வாளர்கள் இறந்தவர்களை எண்ணவில்லை. எண்ணியதாகச் சொல்லவும் இல்லை. புகை எவ்வளவு பரவியது என்று கணினியில் கணித்து, வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த விகிதத்தால் பெருக்கினார்கள். 100,300 என்பதுகூட ஒரு நடு எண். அவர்களே கொடுத்த எல்லை 26,300 முதல் 174,300 வரை. இவ்வளவு அகலமான ஒன்றிலிருந்து ஒற்றை எண்ணைப் பிடுங்கித் தலைப்பில் போட்டால் அது எண்ணிப் பார்த்த கணக்கு மாதிரித் தெரிகிறது.

ஆக, 2,200 என்ற எண்ணை நான் ஏற்கவில்லை. இந்த இடத்தில் உங்கள் அப்பாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அவர் அடுத்த படிக்கு ஏறிவிடுகிறார்: எண் தப்பு, ஆகவே புகை ஒன்றும் செய்யாது. அந்தப் படி இல்லை, காலை வைத்தால் விழ வேண்டியதுதான். பின்னாளில் சிங்கப்பூரின் மருத்துவப் பதிவேடுகளை நாள் நாளாக ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. பிஎஸ்ஐ உடல்நலத்துக்குக் கேடான நிலைக்கு ஏறிய நாட்களையொட்டி மாரடைப்புகள் கூடியதை அது காட்டியது. நெருப்புக்குப் பக்கத்தில், இந்தோனீசியாவின் கலிமந்தானில் இருந்தவர்களின் கதையோ வேறு. அங்குள்ள பாலங்கராயா நகரில் 2015-ல் குறியீடு 2,000-ஐத் தாண்டியது. நமக்கு 401-க்கே மூச்சு முட்டியது. எண்ணை மறுத்த நான் என்95 முகக்கவசத்தை மறுக்கவில்லை. 68 வயதில், இதயம் பற்றி யோசிக்க வேண்டிய காலத்தில், உங்கள் அப்பாவும் மறுக்கக் கூடாது.

மூன்றாவது கொவிட். இங்கேதான் நான் இந்தக் கடிதத்துக்கு வைத்த தலைப்பு வருகிறது.

தமிழில் ‘செய்தால்’, ‘செய்யாவிட்டால்’ என்று சொல்கிறோம். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ‘ஆல்’ ஒரு சின்ன விகுதி. ஆனால் வாக்கியத்தின் முழு பாரமும் அதன் மேல்தான். எச்சரிக்கை ஒன்று ஆய்வுத் தாளிலிருந்து கிளம்பிச் செய்தித் தலைப்புக்கு வந்து, அங்கிருந்து கைப்பேசிக்கு வந்து சேர்வதற்குள் முதலில் உதிர்ந்துபோவது அந்த ‘ஆல்’தான்.

2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு ஓர் அறிக்கை விட்டது. பிரிட்டனில் 510,000 பேர், அமெரிக்காவில் 2.2 மில்லியன் பேர் இறப்பார்கள் என்றது. எப்போது? யாரும் எதுவுமே செய்யாவிட்டால். மக்கள் வழக்கம்போல் நடமாடினால். நடமாட்டத்தைக் குறைத்தால், பள்ளிகளை மூடினால், நோயாளிகளைத் தனிமைப்படுத்தினால் எப்படி மாறும் என்று அதே அறிக்கையில் வேறு எண்களும் அட்டவணை அட்டவணையாக இருந்தன. உலகம் சும்மா இருக்கவில்லை. நம் ஊரிலேயே ஏப்ரல் 7-ல் கடைகண்ணிகள் அடைபட்டன. இவ்வளவு செய்த பிறகும் அமெரிக்காவில் ஒரு மில்லியனுக்கும் மேல், பிரிட்டனில் 200,000-க்கும் மேல் இறந்தார்கள். அந்தக் கணிப்பில் குறைகள் உண்டு, அவை பற்றி நிபுணர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் “சொன்னது நடக்கவில்லை, ஆகவே பொய்” என்பது மட்டும் செல்லாது. நிபந்தனையே நடக்கவில்லையே.

உங்கள் அப்பாவுக்கு இதை அவருடைய பாஷையிலேயே சொல்லலாம். பட்டறையில் பாரம் தூக்கும் கம்பிக்கயிற்றுக்கு, தூக்கப்போகும் எடையைப் போல ஐந்து மடங்கு தாங்கும் கயிறாகப் பார்த்துத்தான் போடுவார்கள். இத்தனை ஆண்டில் அவர் கண் முன்னால் எத்தனை கயிறு அறுந்திருக்கும்? அறவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு அதிகாரியைப் பொய்யன் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். தேய்ந்த கயிற்றை மாற்றச் சொல்லி ஆளை விரட்டியிருப்பார்.

இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே 100 பில்லியன் வெள்ளிக்குப் போவோம். 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன தொகை அது. 100 ஆண்டில், அதற்கு மேலும்கூட ஆகலாம், கடலிலிருந்து தீவைக் காக்க 100 பில்லியனோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்றார். ஒரே ஆண்டுச் செலவு அல்ல.

கடல் எவ்வளவு உயரும்? 2024 ஜனவரியில் வந்த சிங்கப்பூரின் மூன்றாவது தேசியக் காலநிலை ஆய்வு சொல்லும் எல்லை இது: 2100-க்குள் 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை. முதல் எண் உலகம் பூமியைச் சூடாக்கும் கரிமப் புகையை வேகமாகக் குறைத்தால். இரண்டாவது எண் உலகம் அந்தக் கரிமப் புகையை இன்னும் பெருக்கிக்கொண்டே போனால். இரண்டிலும் ‘ஆல்’ இருக்கிறது. உங்கள் மகன் பார்த்த காணொளியில் எந்த எண் வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த 1.15-ஐ உங்கள் அப்பா சந்தேகப்படட்டும், ஆனால் ஒழுங்காகச் சந்தேகப்படட்டும். கடல் இப்போது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் சொச்சம் உயர்கிறது. இதே வேகத்தில் இன்னும் 75 ஆண்டு போனால் 30 சென்டிமீட்டர். 1.15 மீட்டர் வர வேண்டுமானால் சராசரி வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். ஏன் ஆகும்? இதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில் துருவப் பனிப்பாளங்களிலும், நாம் எவ்வளவு எரிக்கப்போகிறோம் என்பதிலும் இருக்கிறது. அந்த அதிகபட்சப் பாதையில் உலகம் போகும் வாய்ப்பு குறைந்துவிட்டது, அதையே வழக்கமான எதிர்காலம் என்று காட்டுவது சரியல்ல என்று காலநிலை அறிவியலாளர்களே எழுதுகிறார்கள். இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சொன்னால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள்தான் உங்கள் அப்பாக்களை உண்டாக்குகிறார்கள்.

அப்படியானால் நம் பொறியாளர்கள் ஏன் மேல் எண்ணை வைத்துத் திட்டம் போடுகிறார்கள்? கயிறுதான். நம் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கட்டிவிட்ட கடற்சுவரைப் பின்னால் உயர்த்துவது, கட்டும்போதே உயர்த்துவதைவிடப் பல மடங்கு செலவு. இதை நேற்று தொடங்கவும் இல்லை. 1991 முதல், கடலைத் தூர்த்து எடுக்கும் நிலம் பதிவான மிக உயர்ந்த ஏற்றத்தைவிட 1.25 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2011-ல் அதை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினார்கள். சாங்கி ஐந்தாம் முனையத்தைக் கடல் மட்டத்திலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் கட்டுகிறார்கள்.

எவ்வளவு செலவழிப்பது, எதை முதலில் கட்டுவது, யார் கட்டுவது என்பதெல்லாம் வேறு கேள்வி. அங்கே அறிவியலாளருக்கு ஒரு ஓட்டு, உங்கள் அப்பாவுக்கும் ஒரு ஓட்டு. கரிமப் புகை வெளியேற்றத்துக்கு விதிக்கும் கரிம வரி 2019-ல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்து 2024-ல் 25 வெள்ளி ஆனது. அது நியாயமா, ஏழை வீட்டு மின்கட்டணத்தில் எவ்வளவு இறங்கும் என்று அவர் சண்டை போடலாம். அந்தச் சண்டைக்காகத் தெர்மாமீட்டரைப் பொய் சொல்ல வைக்க வேண்டாம். வரி பிடிக்கவில்லை என்றால் வரியைப் பற்றிப் பேசலாம்.

கொள்கை வகுப்பவர்கள் பயத்தில் தப்புக் கணக்குப் போட்டதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். 1968-ல் அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக், மக்கள்தொகைப் பெருக்கத்தால் 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனும் அவரைப் போன்றவர்களும் விளைச்சலைப் பெருக்கி வயலில் வேறு கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மக்கள்தொகை பயம் உலகமெங்கும் பரவியது. 1972-ல் இங்கே ‘இரண்டு போதும்’ இயக்கம் வந்தது. மூன்றாவது பிள்ளை என்றால் பிரசவக் கட்டணம் கூடும், பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறையும். என் தங்கை 1974-ல் பிறந்த மூன்றாவது பிள்ளை. மருத்துவமனையில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரி, “தெரிந்தே பெற்றாயா?” என்று கேட்டதை அம்மா ஐம்பது ஆண்டாகச் சொல்கிறார். பிறப்பு விகிதம் 1960களிலேயே இறங்கத் தொடங்கி, 1975 வாக்கில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்ற அளவுக்கு வந்துவிட்டது. கொள்கை திரும்பியதோ 1987-ல், ‘வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்’ என்று. 2023-ல் நம் பிறப்பு விகிதம் 0.97.

எண்கள் மாறிய பிறகும் 12 ஆண்டு யாரும் பிரேக்கைத் தொடவில்லை. எனக்குப் பட்ட தவறு அதுதான். ஆகவே எந்த எச்சரிக்கையை வைத்துக் கொள்கை போட்டாலும், “இதை எப்போது மறுபடி அளந்து பார்ப்பீர்கள்?” என்று நான் கேட்பேன். கடல் மட்ட விஷயத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. 2015-ல் ஓர் ஆய்வு, 2024-ல் இன்னொன்று, எண்களைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். அந்தத் திருத்தத்தைப் பார்த்து, “பார், மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்” என்று அப்பா சொன்னால், மாற்றாமல் இருந்த 12 ஆண்டை அவருக்கு நினைவுபடுத்துங்கள். அவர் அதை வாழ்ந்தே பார்த்தவர்.

இனி தடுப்பூசி. உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இந்த ஒரு வரிதான். இமயமலை பற்றி அப்பா என்ன நினைத்தாலும் அவர் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. சளிக்காய்ச்சல் அப்படியல்ல. கடல் விவாதத்தையும் ஊசியையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டார். அதை அவிழ்த்துவிடுங்கள்.

ஊசி போட்டால் காய்ச்சலே வராது என்று அவரிடம் சொல்லாதீர்கள். அது பொய், அவர் கண்டுபிடித்துவிடுவார். உள்ளதைச் சொல்லுங்கள். அந்த ஆண்டு சுற்றும் கிருமியோடு ஊசி நன்றாகப் பொருந்தினால், மருத்துவரிடம் போகும் அளவுக்குக் காய்ச்சல் வரும் வாய்ப்பு 40 முதல் 60 விழுக்காடு குறையும். பொருந்தாத ஆண்டில் அதைவிடக் கம்மி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் அதைப் பரிந்துரைப்பது, அவர்களுக்குக் காய்ச்சல் நிமோனியாவில் கொண்டுபோய் விடுவதால்தான். பலதுறை மருந்தகங்களில் மானியம் உண்டு. நிமோனியா ஊசி பற்றியும் அதே சமயம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உடம்புக்கு எது ஏற்கும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்லட்டும். பழக்கப்பட்ட மருத்துவர் ஒருவர் சொல்லும் சொல், நான் எழுதும் பத்துப் பத்தியைவிட வேலை செய்யும்.

விழுக்காடு பற்றி ஒரு வார்த்தை. “18 விழுக்காடு கூடுகிறது” என்று வந்தால், “எத்தனையிலிருந்து எத்தனை?” என்று கேட்கப் பழக்குங்கள். 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்றது. உண்மைதான். வாழ்நாளில் நூறு பேரில் 5 பேருக்கு வருவது 6 பேருக்கு வரும், அவ்வளவு. பேரன் எப்போதோ தின்னும் ஒரு சாசேஜுக்காக வீட்டில் ரகளை வேண்டாம், தினமும் தின்னவும் வேண்டாம்.

கொசு விஷயத்தில் அப்பாவின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. டெங்கி பயத்தில் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கச் சொன்னவர்களே பெட்டி பெட்டியாகக் கொசுவைக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால் யாருக்கும் கேள்வி வரும். அவர்கள் விடுவது ஆண் கொசு. ஆண் கொசு கடிக்காது. அதன் உடம்பில் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கும். அதனோடு கூடும் பெண் கொசு இடும் முட்டை பொரிக்காது. அதைவிட அப்பாவுக்குப் பிடிக்கக்கூடியது, அதைச் சோதித்த விதம். விட்ட வட்டாரங்களையும் விடாத வட்டாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஓர் ஆண்டாவது கொசு விட்ட இடங்களில் டெங்கி வரும் வாய்ப்பு சுமார் 75 விழுக்காடு குறைந்திருப்பதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. 2020-ல் இந்தச் சின்னத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. நூறில் 75 குறைவது சாதாரணமல்ல.

மகனுக்கு வருகிறேன். “ஒன்றும் ஆகாது, தூங்கு” என்று சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொய் வாடை தெரியும். புளோக் முங்காது என்று தைரியமாகச் சொல்லலாம். கடல் மெதுவாக ஏறுகிறது, பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும், சுவரும் வாய்க்காலும் கட்டாவிட்டால் அது அடிக்கடி நடக்கும், அதனால்தான் கட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கடலுக்குள் சுமார் 800 ஹெக்டருக்கு நிலம் எழுப்பி அதையே தடுப்பாக்க யோசிக்கிறார்கள் என்றால் அவன் கண் விரியும்.

முடிந்தால் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்திக் காடு இருக்கிறது. கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துத் தாத்தாவையும் பேரனையும் மரப்பலகை நடைபாதைக்கு அனுப்புங்கள். அளவு நாடா ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். வேர்களிலும் தண்டுகளிலும் ஏற்றத் தண்ணீர் எதுவரை வந்து போகிறது என்று ஒரு கோடு தெரியும், அதற்குக் கீழே சேறும் சிப்பியும் அப்பியிருக்கும். கடல் தினமும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அவன் முதலில் பார்க்கட்டும். சில நாட்களில் அது 2 மீட்டருக்கும் மேல். அப்புறம் அந்தக் கோட்டிலிருந்து கீழே 14 சென்டிமீட்டரைத் தாத்தா நாடாவில் காட்டட்டும். 1970-க்கு முன் இருந்ததைவிட நம் கடல் இன்று அவ்வளவு உயர்ந்திருக்கிறது, அது நடந்து முடிந்த கணக்கு. பிறகு கோட்டுக்கு மேலே, 2100-க்கான 23, பிறகு 115. நூற்றுப் பதினைந்து சென்டிமீட்டர் என்பது தரையிலிருந்து கிட்டத்தட்ட அவன் தோளுயரம்.

அங்கேயே தாத்தா அவனுக்கு அந்த வகுத்தல் கணக்கையும் சொல்லிக் கொடுக்கட்டும்: இத்தனை ஆண்டில் இத்தனை சென்டிமீட்டர், இனி எத்தனை ஆண்டில் எத்தனை. இருவரும் சேர்ந்து போட்டு என்ன எண் வந்தது, அதில் எதை அவர்கள் நம்பவில்லை என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள். தாத்தாவின் கேள்விக்கும் பேரனின் கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் போடுகிறேன்.